அளவைச் சொல்லாமல் ஆஸ்துமா மருந்தை ஊக்கமருந்து என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சைக்கிள் பந்தய வீரர்களும் ஆஸ்துமா மருந்தும் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிரிட்டன் சைக்கிள் வீரர் கிறிஸ் புரூமின் படம், பக்கத்திலேயே ஒரு நீல நிற இன்ஹேலரின் படம், மேலே கொட்டை எழுத்தில் 'ஊக்கமருந்து' என்று தலைப்பு. எவ்வளவு மருந்து, எந்த வழியில் உடம்புக்குள் போனது என்ற விவரம் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. நான் உடற்கல்வி ஆசிரியை. சின்ன வயதிலிருந்தே எனக்கு வீசிங் உண்டு. அந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

அந்த நீல இன்ஹேலரில் இருப்பது பெரும்பாலும் சால்பியூட்டமால். அதை இன்ஹேலர் வழியாக இழுத்துக்கொள்ள எல்லா வீரர்களுக்கும் அனுமதி உண்டு. வரம்புக்குள் இருக்கும்வரை யாரிடமும் விண்ணப்பிக்கத் தேவையில்லை. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை வைத்திருக்கும் வரம்பு 24 மணி நேரத்துக்கு 1600 மைக்ரோகிராம். 2022 முதல், எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்ற விதியும் சேர்ந்திருக்கிறது. வழக்கமான இன்ஹேலரை ஒரு தடவை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அதாவது 8 மணி நேரத்தில் ஆறு பஃப். அதே மருந்தை மாத்திரையாக விழுங்கினால் தடை. ரத்தத்தில் அதிக அளவில் கலந்தால் அது தசையிலும் வேலை செய்யக்கூடும் என்பதுதான் காரணம். ஆஸ்துமா இல்லாத ஒருவர் இன்ஹேலரில் சாதாரண அளவு எடுத்து நீண்டதூரப் போட்டியில் லாபம் அடைகிறார் என்று ஆய்வுகள் பெரும்பாலும் காட்டவில்லை.

'இத்தனை சைக்கிள் வீரர்களுக்கு எப்படி ஆஸ்துமா வரும்?' என்று உங்கள் கட்டுரையாளர் கேட்கிறார். நியாயமான கேள்விதான், பதிலும் இருக்கிறது. மலையேற்றத்தில் ஒரு வீரர் நிமிடத்துக்கு 150 லிட்டருக்கு மேல் காற்றை உள்ளே இழுக்கிறார். அவ்வளவு காற்றை மூக்கு ஈரப்படுத்திச் சூடாக்கி அனுப்ப முடியாது. வாய்வழியாகக் குளிர்ந்த, உலர்ந்த காற்று நேரே உள்ளே போகிறது. மூச்சுக்குழாயின் உள்பக்கம் காய்ந்துபோய், சுற்றியுள்ள தசை இறுகிவிடுகிறது. இதோடு சாலையோர மகரந்தம், முன்னால் போகும் வண்டிகளின் புகை. வருடக்கணக்கில் இப்படிப் பயிற்சி செய்கிறவர்களுக்கு மூச்சிரைப்பு வருவதில் அதிசயம் இல்லை.

சரி, புரூம் விஷயத்துக்கு வருகிறேன். 2017 செப்டம்பர் 7, ஸ்பெயினின் வுவெல்டா பந்தயத்தின் 18ஆம் கட்டம் (ஒரு கட்டம் என்பது ஒரு நாள் ஓட்டம்). அன்று எடுத்த சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 2000 நானோகிராம் சால்பியூட்டமால் இருந்தது. சிறுநீரில் அனுமதித்த வரம்பு 1000. சிறுநீரின் அடர்த்தியைக் கணக்கில் எடுத்துத் திருத்தியபின் 1429. டிசம்பரில் செய்தி வெளியானது. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே 2018 மே மாதம் இத்தாலியின் ஜிரோ டி இத்தாலியா பந்தயத்தையும் வென்றார். ஜூலை 2ஆம் தேதி சர்வதேச சைக்கிள் சம்மேளனம் வழக்கை முடித்து அவரை விடுவித்தது. உடல்நலக் குறைவால் அவர் மருந்தின் அளவைக் கூட்டியதையும், ஒரே மனிதரின் சிறுநீரிலேயே இந்த மருந்து நாளுக்கு நாள் வேறுபட்டு வெளியேறுவதையும் சுருக்கமாகச் சொன்னார்களே தவிர, விரிவான ஆதாரங்களை மக்கள் முன் வைக்கவில்லை. அடுத்த சில நாட்களில் டூர் டி பிரான்ஸ் தொடங்கியது. சாலையோரம் நின்றவர்கள் கூச்சல் போட்டார்கள். ஆல்ப் துயெஸ் மலைப்பாதையில் ஓட்டிக்கொண்டிருந்த புரூமை ஒருவர் கையால் அடித்தார்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். 2007 ஜிரோவில் இத்தாலிய வீரர் அலெஸ்ஸாண்ட்ரோ பெட்டாக்கியின் சிறுநீரில் 1352 நானோகிராம். ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று விளையாட்டு நடுவர் மன்றம் ஏற்றுக்கொண்டும் அவருக்குத் தடை விதித்தது. ஐந்து கட்ட வெற்றிகளும் போயின. 2014 ஜிரோவில் இன்னொரு இத்தாலிய வீரர் டியேகோ உலிஸ்ஸிக்கு 1900. ஒன்பது மாதத் தடை. புரூமுக்கு எதுவும் இல்லை. புரூம் குற்றவாளி என்று நான் சொல்லவில்லை. விடுவித்தது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒருவருக்குத் தண்டனை, இன்னொருவருக்கு விடுதலை என்றால் காரணத்தை விளக்கமாக வெளியிட வேண்டிய கடமை சம்மேளனத்துக்கும் முகமைக்கும் இருந்தது. முந்தைய இருவருக்கும் போட்ட கணக்கு சரிதானா என்பதற்கும் பதில் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் வாயை மூடிக்கொண்டதால்தான் பழி மருந்தின் மேல் விழுந்தது.

சந்தேகப்பட வேண்டிய இடமும் உண்டு, மறைக்க மாட்டேன். 2012 டூர் டி பிரான்ஸை வென்ற பிராட்லி விக்கின்ஸ் பந்தயத்துக்குச் சற்று முன்பு டிரையம்சினலோன் ஊசி போட்டுக்கொண்டார். மகரந்த ஒவ்வாமைக்கும் ஆஸ்துமாவுக்கும் என்று முறைப்படி மருத்துவ விலக்கு அனுமதி (தடையுள்ள மருந்தை நோய்க்காக எடுக்கத் தரும் அனுமதி) வாங்கியிருந்தார். 2018இல் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு, விதிக்குள் நின்றுகொண்டே அவருடைய அணி நெறியை மீறியது என்று அறிக்கை தந்தது. அவரும் அணியும் மறுத்தார்கள். டிரையம்சினலோன் வீரியமான ஸ்டீராய்டு. உடல் எடை குறையவும் உதவும் என்று வீரர்களே பேசிக்கொள்ளும் மருந்து. 2022 முதல் போட்டிக் காலத்தில் அந்த வகை ஊசிகள் எல்லாவற்றுக்கும் தடை வந்திருப்பதை மனதார வரவேற்கிறேன். அந்த ஊசியையும் இரண்டு பஃப் சால்பியூட்டமாலையும் ஒரே தலைப்பின்கீழ் கட்டிப்போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இதன் விளைவை நான் மைதானத்தில் பார்க்கிறேன். என் மாணவன் ஒருவன் 1500 மீட்டர் ஓடுவான். ஓடுவதற்குக் கால் மணி நேரம் முன்பு இன்ஹேலரைக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, வாயில் வைத்து அழுத்தி மெதுவாக இழுத்து, பத்து வரை எண்ணி மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவனுக்கு மருத்துவர் சொல்லிக்கொடுத்த முறை அது. ஒரு போட்டியில் வேறொரு பள்ளியின் பயிற்சியாளர் அதைப் பார்த்துவிட்டு, "அது டோப்பிங் ஆச்சே, டிவியிலயே காட்டினாங்களே" என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார். அப்புறம் அவன் கழிப்பறைக்குப் பின்னால் போய் அவசர அவசரமாக அழுத்திக்கொள்ள ஆரம்பித்தான். மருந்து பாதி நாக்கிலேயே தங்கிவிடும். ஒருநாள் அதையும் விட்டுவிட்டு ஓடி, மூன்றாவது சுற்றில் முட்டியில் கையை ஊன்றிக் குனிந்து நின்றுவிட்டான். கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்தது, உதடு வெளுத்துவிட்டது. பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து நான்தான் அவன் கையில் திணித்தேன். சுற்றி யார் பார்க்கிறார்கள் என்று அப்போதும் அவன் கண் தேடியது.

எனவே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இத்தகைய செய்தி வரும்போது மருந்தின் பெயர், அது உள்ளே போன வழி, கண்ட அளவு, விதிப்படி வரம்பு ஆகிய நான்கையும் எழுதுங்கள். நுரையீரல் மருத்துவர் ஒருவரிடம் கேட்டு, ஓடும் பிள்ளைகள் இன்ஹேலரை எப்போது, எப்படி எடுக்க வேண்டும் என்று அதே விளையாட்டுப் பக்கத்தில் ஒரு கட்டுரை போட்டால், வெட்டி எங்கள் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவேன்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியை ஒருவர்
(மாணவன் நலன் கருதி என் பெயரையும் பள்ளியின் பெயரையும் வெளியிட வேண்டாம்.)