செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆகஸ்ட் 15 கொடியேற்றம் வழக்கம்போல் நடந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டு கொடுத்தோம். திருவிழாவில் மோர்ப்பந்தல் போட்டோம்.

இனி வத்தை, அதாவது நம் பாய்மரப் படகு விஷயம். தொண்டிப் பக்கம் பாய்மரப் போட்டி என்றால் ஒரு காலத்தில் நம் வத்தையும் வரிசையில் நிற்கும். நாலு வருஷமாகப் பனைமரத்தடியில் கவிழ்ந்து கிடந்தது, ஆடுகளுக்கு நிழல். சித்திரைக் கூட்டத்தில் பழுது பார்க்கலாம் என்று கை தூக்கியவர்கள் 32 பேர். ஆசாரி கேட்ட கூலி நமக்குக் கட்டாது, நாமே செய்வோம் என்று தீர்மானம் போட்டதும் அதே கூட்டம்தான். செயலாளர் தன்னிஷ்டத்துக்குச் செய்தார் என்று டீக்கடையில் பேசுவோர் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில் சீட்டாடிய அந்த நாட்களில் வேலைக்கு வந்தது ஐந்து பேர். அதில் ஒருவர் என் மச்சான். அவரை வராதவர் கணக்கில் எழுதினாலும் தப்பில்லை. வேலை மார்கழி வரை இழுத்ததற்குக் காரணம் இதுதான்.

ஏராவை, அதாவது வத்தையின் அடிமரத்தை ஒட்டிய இரண்டு பலகை உளுத்திருந்தன. கட்டைவிரல் வைத்தால் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. ஆயினிப் பலகை வாங்கி மாற்றினோம். அப்புறம் கலப்பத்து, அதாவது பலகை இடுக்கை அடைக்கிற வேலை. பழைய பஞ்சை உளியால் கிளறி எடுத்துவிட்டு, எண்ணெயில் நனைத்த புதுப்பஞ்சைத் திரித்து இடுக்கில் அடித்து இறக்க வேண்டும். லேசாக அடித்தால் கடலில் கக்கிவிடும், ஓங்கி அடித்தால் பலகை விலகும். அந்தப் பதம் கைக்கு வர எனக்குப் பதினோரு நாள். மேலே பூசக் குங்கிலியம் காய்ச்சியபோது ஒரு சட்டி கருகியது உண்மை. அப்போது எனக்கு ஒரு போன். வேலை எப்போது முடியும் என்று கேட்ட உறுப்பினர்.

பாய் தைத்தது என் வீட்டில். காடாத் துணியில் மெஷின் ஊசி நாலு உடைந்தது. ரசீது இல்லை.

இறக்கிய அன்று அரை மணியில் கணுக்கால் அளவு தண்ணீர். கரையில் சிரித்தவர்களில் கை தூக்கிய பலரைப் பார்த்தேன். காய்ந்த மரம் தண்ணீர் குடித்து ஊதினால்தான் இடுக்கு இறுகும். ஆழமில்லாத இடத்தில் கட்டி இரண்டு ராத்திரி ஊறவிட்டோம். மூன்றாம் நாள் காலை நான் இறைத்தது நாலு சிரட்டை.

காணும் பொங்கல் போட்டியில் வாடைக்காற்று நன்றாகவே அடித்தது. ஆறு பேர் ஏற வேண்டியதில் நாலு பேர். வெளியே நீட்டிய பலகையில் ஏறிச் சாய்வைப் பிடிக்க ஆளில்லாமல் பாயைத் தளர்த்தியே ஓட்டினோம். கடைசிக்கு முந்தின இடம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசித்துவிட்டார். செலவு வரவைக் கொஞ்சம் மிஞ்சியது. அந்தக் கொஞ்சம் என் கைப்பணம். மாதம் 50 ரூபாய் சந்தாவை வருஷம் முழுக்கத் தராதவர்கள் 18 பேர். பெயர் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் பட்டியலைச் சங்கக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.

பலகை அறுத்துத் தந்தவருக்கும், கடனுக்கு டீ கொடுத்தவருக்கும், தலைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு யார் வந்தாலும் சாவியைத் தந்துவிடுவேன். உடம்பும் முன்போல் இல்லை. ஆனால் வெயில் ஏறுமுன் வத்தைக்கு எண்ணெய் பூச வேண்டும், அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், ஒரு வங்கு (உள்ளே விலா மாதிரி நிற்கும் கட்டை) மாற்ற வேண்டும். தொடங்கியவனே பார்த்தால் நல்லது என்று சிலர் சொல்கிறார்கள். கூட்டத்தின் இஷ்டம்.

கலப்பத்து உளியையும் கொட்டாப்புளி என்ற மரச் சுத்தியலையும் யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். ராத்திரி சங்க வாசலில் வைத்துவிட்டால் போதும். யார் என்று கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
செயலாளர்