பழைய டிஃபரன்ஷியலைக் கழுவாமல் மாட்டாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோத்தகிரியில் இருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட், முட்டைகோஸ் ஏற்றிப்போகும் பிக்கப் ஓட்டுநர் நான். 18 வருடமாக இதே வேலை. மலையில் வண்டி வைத்திருப்பவர்களிடமும் பட்டறைக்காரர்களிடமும் ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். எஞ்சினின் சக்தியைப் பின் சக்கரம் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டிதான் டிஃபரன்ஷியல். பழையதாக ஒன்று வாங்கி வந்தால் பிரித்து, கழுவி, பார்த்து, அப்புறம் மாட்டுங்கள்.

போன வருடம் மழைக்காலத்தில் என் வண்டிக்கு டிஃபரன்ஷியலின் முக்கியப் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியன் போய்விட்டது. புது செட் கட்டுப்படியாகவில்லை, அதனால் கோயம்புத்தூரில் போய் அதே மாடல் வண்டியில் கழற்றிய டிஃபரன்ஷியல் ஒன்றை வாங்கி வந்தேன். கையால் சுற்றிப் பார்த்தால் சத்தம் இல்லை, பல்லும் உடையவில்லை. லோடு காத்திருக்கிறது, நாளைக்கே வண்டி வேண்டும் என்று பட்டறையில் அவசரப்படுத்தியது நான்தான். அவர்களும் வெளியே அப்பியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, பழைய ஆயிலை வடித்து, புது ஆயில் ஊற்றி, சாயங்காலமே மாட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு மாதம் தாங்கவில்லை. முதலில் இறக்கத்தில் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் மட்டும் ஊ என்று ஒரு சத்தம், அப்புறம் ஏற்றத்திலும் அதே சத்தம், கடைசியில் குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில் முழு லோடோடு இறங்கும்போது பின்னால் கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது. எப்படியோ ஓரம் கட்டிவிட்டேன். அந்த இடத்தில் கிரவுன் பல் மொத்தமாக உதிர்ந்திருந்தால் இரண்டாவது கியரில் வந்தாலும் எஞ்சின் வண்டியைப் பிடித்திருக்காது, சூடேறிப்போன கால் பிரேக் ஒன்றுதான் மிச்சம். உதிர்ந்த பல் நடுவில் மாட்டிக்கொண்டால் பின் சக்கரம் இரண்டும் அப்படியே இறுகி நின்றுவிடும். ஈர ரோட்டில் அது என்ன செய்யும் என்று மலையில் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எங்கள் ஹட்டிக்கு, அதாவது ஊருக்கு, பக்கத்தில் ஜீப் வேலையிலேயே வயதான பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் பிரித்தார். வடித்த ஆயிலில் கொஞ்சம் என் விரலில் தடவி, "தேய்ச்சுப் பாரு தம்பி" என்றார். ரவை மாதிரி நெருநெருத்தது. "புது ஆயில்தானே ஊத்தினாங்க அய்யா" என்றேன். பதில் சொல்லாமல் ஒரு கம்பியில் துணியைச் சுற்றி ஆக்சில் குழாய்க்குள் விட்டு இழுத்தார். கறுப்பாகக் களி போல வந்தது, அதை வெயிலில் காட்டினால் உள்ளே இரும்புத் தூள் மினுமினுத்தது. "ஆயில் புதுசுதான், இதை யாரு எடுத்தாங்க?" என்றார். பினியன் பேரிங்கை எடுத்து அதில் உருளைகள் ஓடும் பாதையைக் காட்டினார், அம்மைத் தழும்பு போலக் குழிகுழியாக இருந்தது.

எஞ்சினுக்கு ஆயில் ஃபில்டர் இருக்கிறது. நம் வண்டிகளின் டிஃபரன்ஷியலுக்கு அப்படி எதுவும் கிடையாது. கிரவுன் சுற்றும்போது ஆயிலை வாரி இறைக்கிறது, அதுதான் எல்லா பேரிங்குக்கும் போகிறது. உள்ளே ஒரு பிடி தூள் இருந்தால் அதுவும் சேர்ந்துதான் போகும். போதாததற்கு இது மலை. சமவெளியில் நேர் ரோட்டில் ஓடும் வண்டியில் உள்ளே இருக்கும் சின்ன பல்சக்கரங்களுக்குப் பெரிய வேலை இல்லை, வளைவில் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றும்போதுதான் அவை உழைக்கின்றன. ஊட்டியில் இருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி ரோட்டில் மட்டும் 36 கொண்டை ஊசி வளைவு என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதனால் அந்தச் சின்ன சக்கரங்களையும் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் வாஷர்களையும் கழுவித் துடைத்துப் பார்க்காமல் விடவே கூடாது.

பெரியவர் செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்ததால் சொல்கிறேன். பிரிப்பதற்கு முன்பே வெளி மண் முழுக்கப் போக வேண்டும், இல்லையென்றால் திறந்த உடனே அது உள்ளே விழும். வடிக்கிற ஆயிலைப் பார்க்க வேண்டும். பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, மூச்சுத் துவாரம் அடைத்திருக்கிறதா, சீல் போயிருக்கிறதா என்று தேட வேண்டும். பேரிங்கைப் பிடித்திருக்கும் மூடிகளைக் (கேப்) கழற்றும் முன் இடம் வலம் மாறாமல் இருக்கப் பஞ்ச் என்ற கூர்முனை உளியால் குறி போட்டார். கழுவ டீசல்தான், பெட்ரோல் பக்கமே போகவில்லை. குளிருக்குக் கதவைச் சாத்திய பட்டறையில் பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும். வேஸ்ட் பஞ்சால் துடைத்தால் நூல் உள்ளே நிற்கும் என்று பழைய வேட்டித் துணியால்தான் துடைத்தார். பேரிங்கை ஏர் அடித்துச் சுற்றவிடக் கூடாதாம், ஆயில் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றினால் அதுவே கெட்டுப்போகும். கழுவிக் காய்ந்த கையோடு கியர் ஆயில் தடவி மூடி வைத்தார். நம் ஊர்ப் பனிமூட்டத்தில் ஒரு ராத்திரி திறந்து கிடந்தால் காலையில் பல்லெல்லாம் செந்துரு. கெட்டுப்போன பேரிங்குகளை மாற்றி, ஆயில் சீலையும் புதிதாகப் போட்டு, பல் இடைவெளியைக் கம்பெனி அளவுக்குச் சரிபார்த்து முடிக்க ஒன்றரை நாள் ஆனது. அந்த ஒன்றரை நாளைத்தான் நான் முதலில் கொடுக்கவில்லை.

பட்டறைக்காரர்களே, கழுவும் கூலியைத் தனியாக பில்லில் எழுதுங்கள். எதற்கு என்று சொன்னால் கொடுப்போம். இன்னொன்று, கழுவிய டீசலையும் பழைய ஆயிலையும் தயவுசெய்து ஓடையில் கொட்டாதீர்கள். சட்டப்படியே அது அபாயக் கழிவு. நம் ஓடைகள் மாயாற்றிலும் பவானியிலும்தான் போய்ச் சேர்கின்றன, கீழே அதைக் குடிக்கிறார்கள். ஒவ்வொரு பட்டறையும் கேனில் பிடித்து வைத்தால், அதை வாரம் ஒரு முறை எடுத்துப்போய் அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரர்களிடம் சேர்க்க மாவட்ட நிர்வாகம் ஒரு வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஆயில் ஊற்றும்போது வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். சரிவில் நிறுத்தி ஊற்றினால் ஆயில் அளவு தப்பாகக் காட்டும், எங்கள் பக்கம் சமதளமான ஒரு இடத்துக்குத் தேயிலை ஃபேக்டரி முற்றம் வரை போக வேண்டியிருக்கிறது, பரவாயில்லை, போங்கள். மாட்டி 500 கிலோமீட்டர் ஓடியதும் அந்த ஆயிலை வடித்துவிட்டு, டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால் அதைத் துடைத்துப் பாருங்கள். கறுப்பு மை போலக் கொஞ்சம் ஒட்டியிருந்தால் பயமில்லை. செதில் செதிலாக இருந்தால் லோடு ஏற்றாமல் திரும்பப் பிரியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பிக்கப் ஓட்டுநர்,
கோத்தகிரி.