முதல் நைட் டூட்டிக்கு முன் இரண்டு சிரிஞ்சுகள்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். 14 வருடமாக வார்டில் வேலை பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ் நான். புதிதாகப் பணியில் சேரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் சேர்ந்த நான்காம் நாளே நைட் டூட்டி போட்டார்கள். மெடிக்கல் வார்டு, தனியாள். ஒரு பெரியவருக்கு இரவுச் சாப்பாட்டுக்கு முன் 20 யூனிட் இன்சுலின் போட வேண்டும். வார்டு ஸ்டாக் தீர்ந்திருந்ததால் அவர் மகன் வெளியே வாங்கி வந்திருந்தார். அது மில்லிக்கு 100 யூனிட் உள்ள வயல் (மருந்துக் குப்பி). என் கையில் இருந்தது சிவப்பு மூடி சிரிஞ்ச், மில்லிக்கு 40 யூனிட் உள்ள வயலுக்கானது. 20ஆம் கோடு வரை இழுத்துப் போட்டேன். அரை மில்லி. உள்ளே போனது 50 யூனிட்.

நள்ளிரவில் பார்த்தால் தலையணை நனையும் அளவுக்கு அவருக்கு வியர்த்திருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. டாக்டரை எழுப்பினேன், இறங்கிய சர்க்கரையை ஏற்ற 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏற்றினோம், பிழைத்துக்கொண்டார். நடந்ததை நானே சொன்னேன். காலையில் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. 100 யூனிட் வயலுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச்தான் என்று அதுவரை யாரும் கையில் வைத்துக் காட்டியதில்லை. மெமோவுக்கு அப்புறமும் காட்டவில்லை. ஆனால் அந்த மெமோவைப் பார்த்த என் பேட்ச் பெண்கள் அதன்பின் எந்தத் தவறையும் வாய்திறந்து சொன்னதில்லை. எனக்கு இன்றும் பயம் அதுதான்.

இன்சுலின் மட்டும் இல்லை. பொட்டாசியம் குளோரைடு 10 மில்லி ஆம்பியூலும் டிஸ்டில்டு வாட்டர் ஆம்பியூலும் ஒரே மாதிரி தெளிந்த நீர்தான். பொட்டாசியத்தைக் கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். டூட்டி மாறும் அவசரத்தில், மங்கலான வெளிச்சத்தில், ஒரு டிரேயில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

சேர்ந்ததும் ஒருநாள் ஹாலில் உட்காரவைத்து ஸ்லைடு போட்டால் இது வராது. முதல் 15 நாள் புதியவர் ஒரு சீனியர் சிஸ்டரோடுதான் டூட்டி பார்க்க வேண்டும். அது முடியும்வரை தனியாக நைட் போடக் கூடாது. ஆள் பற்றாக்குறை என்பார்கள், எனக்கும் தெரியும். அதனால்தான் வார்டு அளவில் விடாமல் உங்களிடம் கேட்கிறேன். கூடவே, தவறைத் தானாக வந்து சொல்பவருக்கு மெமோ கிடையாது என்று எழுத்தில் கொடுங்கள்.

அடுத்த பட்டியலில் தேர்வாகிற பெண்கள் எங்கள் வார்டுக்கு வரும்போது, இரண்டு சிரிஞ்சையும் கையில் கொடுத்து, “20 யூனிட் இழு பார்ப்போம்” என்று உட்கார்ந்து சொல்லித்தர நான் தயார். அதற்கான நேரத்தை மட்டும் ஒரு அரசாணையில் ஒதுக்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டாஃப் நர்ஸ்