ஆச்சியிடம் கேட்க விடாத கேள்வி

மனநலச் செவிலியர்களின் பணியையும் பயிற்சியையும் தீர்மானிக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

காரைக்குடிப் பக்கம் ஒரு மனநல வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ் நான். ஆள் பற்றாக்குறை, ரிஜிஸ்டர் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். போன வாரம் வார்டில் சேர்ந்திருக்கும் ஒரு ஆச்சியோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, "கதை பேசவா சம்பளம்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார்கள். அதனால்தான் இந்த மடல்.

அது கதை இல்லை. வீட்டுக்காரர் போன பிறகு அவ்வளவு பெரிய வீட்டில் ஆச்சி தனி ஆள், பிள்ளைகள் சிங்கப்பூரில். முகப்பையும் வளவையும் பூட்டிவிட்டு அடுப்படியை ஒட்டிய அறையிலேயே முடங்கிவிட்டார். வார்டில் மாத்திரை ஒழுங்காகப் போனது, பேச்சுதான் இல்லை. மனசு ரொம்ப மோசம் என்றால் பூஜ்யம், நன்றாக இருந்தால் பத்து, இதில் இன்றைக்கு எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். "ரெண்டு." ஏன் பூஜ்யம் இல்லை என்றேன். ரொம்ப நேரம் கழித்து, "வெள்ளிக்கிழமைன்னா மட்டும் எந்திரிச்சு வாசல்ல கோலம் போட்டுருவேன் ஆத்தா" என்றார். பதினோரு நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் முழுப் பேச்சு அது. மூன்றுக்கு வர என்ன நடக்கணும் என்று கேட்பதற்குள் என்னை எழுப்பிவிட்டார்கள், ஆச்சி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இதற்குத் தீர்வு நோக்கிய சிகிச்சை என்று பெயர். அமெரிக்காவின் மில்வாக்கியில் ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்க்கும் வளர்த்தெடுத்த முறை. நோய் எங்கே தொடங்கியது என்று கிளறாமல், அது கொஞ்சம் விலகியிருந்த நேரத்தைத் தேடிப் பிடித்து, அடுத்த சின்ன அடி எது என்று அவரையே சொல்லவைப்பது. மருந்துக்குப் பதில் இது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாள் முழுக்கக் கூடவே இருக்கிற நர்ஸ் கேட்கக்கூடிய கேள்விகள் இவை, அதற்குப் பயிற்சியும் ட்யூட்டி சார்ட்டில் ஒவ்வொரு நோயாளிக்கும் வாரம் இரண்டு முறை அரை மணி நேரமும் வேண்டும்.

2001 ஆகஸ்டில் பக்கத்து மாவட்டத்து ஏர்வாடியில், மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டிக் கிடந்தவர்கள் ஓட முடியாமல் தீயில் கருகினார்கள், 28 உயிர் போனது. அப்புறம் 2017இல் மனநலப் பராமரிப்புக்கென்று புதுச் சட்டமே வந்துவிட்டது. எங்கள் வார்டில் மட்டும் இன்னும் சாப்டாச்சா, மாத்திரை போட்டாச்சா, தூங்குனீங்களா என்ற மூன்று கேள்விதான். மனுஷரிடம் பேசுவதற்குக்கூட அனுமதி கேட்டு நிற்கணுமா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது அந்த அரை மணி நேரமும் பயிற்சியும்தான். வருகிற வியாழக்கிழமை ஆச்சி வீட்டுக்குப் போகிறார். அதற்குள் விட்ட இடத்திலிருந்து அவரிடம் பேச அனுமதி கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மனநலச் செவிலியர்