கடைசி இரண்டு ஆட்டமும் ஒரே விசிலில் தொடங்கட்டும்

மாநில இளையோர் கால்பந்துச் சங்கத்தின் போட்டிக் குழுவினருக்கு,

வணக்கம். ஒரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்ற இந்தக் கோரிக்கையை ஆங்கிலத்தில் மின்னஞ்சலாக உங்களுக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். தமிழிலும் எழுதுவது, ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மடக்கு நாற்காலியும் ஃபிளாஸ்க்குமாக அமெரிக்க மைதானங்களின் கோட்டோரத்தில் வந்து உட்காரும் நம்மவர்களுக்காக. பிள்ளை தோற்காமலேயே வெளியேறிவிட்டாள், ஏன் என்று புரியவில்லை என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். அவர்களுக்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

நான் 13 வயதுக்குட்பட்ட பெண்கள் அணி ஒன்றின் டீம் மேனேஜர். பெயரைப் பார்த்துப் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். புகைப்படம் ஒட்டிய பிளேயர் கார்டுகளை ஒரு வளையத்தில் கோத்து வைத்திருப்பது, ஆட்டத்துக்கு முன் நடுவரிடம் காட்டுவது, முடிந்ததும் மேட்ச் கார்டில் கையெழுத்துப் போடுவது, இவ்வளவுதான் வேலை. ஒன்றை விட்டுவிட்டேன். தோடு கழற்றுவது. விளையாட்டு விதிகளின் 4ஆம் விதி எந்த நகையையும் அனுமதிப்பதில்லை, மேலே டேப் ஒட்டினாலும் செல்லாது. ‘காது குத்தி மூணு வாரம்தான் ஆச்சு, கழட்டினா தூர்ந்துடும்’ என்று ஒரு பாட்டி என்னிடம் மன்றாட, பின்னால் நடுவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற காட்சியை நான் இன்னும் மறக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாநிலக் கோப்பையில் எங்கள் பிரிவில் நான்கு அணிகள். பெயர் வேண்டாம், சட்டை நிறத்தால் சொல்கிறேன். நாங்கள் மஞ்சள்; மற்ற மூன்றும் சிவப்பு, நீலம், வெள்ளை. ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றோடும் ஒருமுறை ஆட வேண்டும். வென்றால் 3 புள்ளி, சமன் என்றால் 1. முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் அடுத்த வாரம் அரையிறுதிக்குப் போவார்கள். அதற்கு மேலே ஏணி நீளமானது. மாநிலத்தில் வென்ற அணி நாட்டின் நான்கு மண்டலங்களில் ஒன்றின் போட்டிக்குப் போகும், அங்கிருந்து தேசியப் போட்டிக்கு. டெக்சஸ், கலிபோர்னியா போன்ற பெரிய மாநிலங்களில் சங்கமே இரண்டிரண்டு என்பதால் அங்கே மாநிலக் கோப்பையும் இரண்டு. தேசியப் போட்டியில் 19 வயதுக்குட்பட்ட ஆண்களுக்குத் தரும் மக்வயர் கோப்பை 1935 முதல் இருந்துவருகிறது. எங்கள் பெண்களுக்கு அவ்வளவு தூரமெல்லாம் கண்ணில் இல்லை, அரையிறுதி போதும் என்றுதான் இருந்தார்கள்.

சனிக்கிழமை இரண்டு ஆட்டங்கள். சிவப்போடு 2-2, நீலத்தோடு 0-0. அதே நாளில் சிவப்பு வெள்ளையை 3-0 என்று வென்றது. நீலம் வெள்ளையை 6-0 என்று நொறுக்கியது. ஆனால் உங்கள் விதிப்படி ஒரு ஆட்டத்தில் அதிகபட்சம் 4 கோல் வித்தியாசம்தான் கணக்கில் சேரும். வலுவில்லாத அணியை யாரும் பத்துப் பன்னிரண்டு என்று அடித்துக்கொண்டே போகக் கூடாது என்பதற்காக வைத்த வரம்பு அது. நல்ல விதி, அதில் எனக்குக் குறை இல்லை.

ஞாயிறு காலை 8 மணிக்கு நாங்கள் வெள்ளையை 2-0 என்று வென்றோம். மூன்றாவது கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இப்போது எங்களுக்கு 5 புள்ளி. சிவப்புக்கும் நீலத்துக்கும் தலா 4. அவர்கள் இருவரும் மோதும் ஆட்டம் அதே மைதானத்தில் 11.30க்கு.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. ஐபிஎல் லீக் சுற்றின் கடைசி வாரத்தில் நெட் ரன் ரேட்டைப் போட்டுப் போட்டுப் பார்த்த கைகள்தானே. அந்த இரண்டில் யார் தோற்றாலும் அவர்கள் 4 புள்ளியோடு நிற்பார்கள், நாங்கள் உள்ளே. சமன் ஆனால் மூவருக்கும் 5. மூன்று அணிகள் சமமாக நின்றால் கோல் வித்தியாசத்துக்குப் போக வேண்டும் என்பது உங்கள் விதி. நீலம் 4, சிவப்பு 3, நாங்கள் 2. அவர்கள் இருவரும் உள்ளே, நாங்கள் வெளியே. ஆக, காலை ஒன்பதரைக்கெல்லாம் அந்த மைதானத்தில் எல்லோருக்கும் ஒன்று தெரிந்துவிட்டது: 11.30 ஆட்டத்தில் யாரும் தோற்காமல் பார்த்துக்கொண்டால் இருவருக்கும் நல்லது.

எங்கள் பெண்கள் வீட்டுக்குப் போக மாட்டோம் என்றார்கள். கூடாரத்துக்கு அடியில் ஆரஞ்சுத் துண்டுகளைத் தின்றுகொண்டு உட்கார்ந்து பார்த்தார்கள்.

இடைவேளையில் 1-1. இரண்டாம் பாதியிலும் முதல் இருபது நிமிடம் உண்மையிலேயே நல்ல ஆட்டம், அதை மறைக்க மாட்டேன். பிறகு யாரோ ஒரு பெற்றோர் கோட்டைத் தாண்டி வந்து பயிற்சியாளரிடம் போனை நீட்டினார். புள்ளிப்பட்டியல்தான். அதற்கப்புறம் பந்து நான்கு தடுப்பாட்டக்காரர்களுக்குள் இடமிருந்து வலம், வலமிருந்து இடம். கோல்கீப்பர் பந்தை உள்ளங்காலுக்குக் கீழே வைத்து உருட்டிக்கொண்டு நின்றாள். எதிரணியில் யாரும் பறிக்க வரவில்லை. சிறிது நேரத்தில் பந்து மாறியது, இப்போது அதே வேலையை இந்தப் பக்கம் செய்தார்கள்.

ஒரே ஒரு சிறுமிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை போலும். நீல அணியின் வலது ஓரம், இருப்பதிலேயே குள்ளமானவள். பந்து காலுக்கு வந்ததும் ஓடத் தொடங்கினாள். ஒருத்தியைத் தாண்டினாள், இன்னொருத்தியையும் தாண்டினாள், முன்னால் கோல்கீப்பர் மட்டும். கோட்டோரத்திலிருந்து ‘பின்னால! பின்னால!’ என்று கத்தினார்கள். அவள் நின்றாள், திரும்பினாள், பந்தைத் தன் கோல்கீப்பருக்கே தட்டிவிட்டாள். அப்புறம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பயிற்சியாளரைப் பார்த்தாள், தான் என்ன தப்பு செய்தோம் என்பதுபோல. நாங்கள் வெளியேறியதைவிட எனக்கு வலித்தது அந்தப் பார்வைதான்.

ஆட்டம் சமனில் முடிந்தது. புகார் கொடுக்கலாமே என்றார்கள். எதன் மேல் கொடுப்பது? எந்த விதியும் மீறப்படவில்லை. அந்தப் பயிற்சியாளர்கள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் என்ன செய்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ‘நீங்க காலையில நாலு கோல் அடிச்சிருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காதே’ என்று ஒருவர் கேட்டார். சரிதான், அடித்திருந்தால் வந்திருக்காது. ஆனால் எங்கள் ஆட்டமும் 11.30க்கே, பக்கத்து மைதானத்தில் தொடங்கியிருந்தால்? நாங்கள் இரண்டோடு நிற்போமா, நாலு அடிப்போமா என்பது சிவப்புக்குத் தெரியாது. நாலு அடித்தால் சமன் அவர்களை வெளியே தள்ளும். அப்போது அவர்கள் ஜெயிக்கத்தான் ஆடியாக வேண்டும். அந்தக் குள்ளச் சிறுமியும் கோலை நோக்கி ஓடியிருப்பாள்.

கால்பந்து உலகம் இந்தப் பாடத்தைப் படித்து நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. 1978 உலகக் கோப்பையில் பிரேசில் தன் ஆட்டத்தை முன்னதாகவே முடித்துவிட, அர்ஜென்டினா தனக்குக் குறைந்தது நான்கு கோல் வித்தியாசம் தேவை என்று தெரிந்துகொண்டு களமிறங்கி, பெருவை 6-0 என்று வென்று இறுதிக்குப் போனது. அதிலும் பெரிய கூத்து 1982ல், ஸ்பெயினின் கிஹோன் நகரில். அல்ஜீரியா அந்தப் போட்டியில் மேற்கு ஜெர்மனியையே 2-1 என்று வீழ்த்தியிருந்தது. ஜூன் 24 அன்று சிலியை 3-2 என்று வென்று தன் ஆட்டங்களை முடித்துக்கொண்டது. மறுநாள் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதின. ஜெர்மனி ஒன்றோ இரண்டோ கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் இருவரும் உள்ளே, அல்ஜீரியா வெளியே. பத்தாவது நிமிடத்தில் ஜெர்மனியின் ஹ்ருபெஷ் ஒரு கோல் போட்டார். மீதி ஆட்டத்தில் பெரும்பாலும் பந்து பின்னாலேயே சுற்றியது. அல்ஜீரியாவின் புகாரை ஃபிஃபா ஏற்கவில்லை, விதி எதுவும் மீறப்படவில்லை என்பதால். ஆனால் அடுத்த உலகக் கோப்பையிலிருந்து, அதாவது 1986 முதல், ஒரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. யாரையும் தண்டிக்காமல் கடிகாரத்தை மட்டும் மாற்றினார்கள்.

இன்னும் கிட்டத்தில் ஒன்று. 2026 உலகக் கோப்பையை 48 அணிகளோடு, மூன்று மூன்று பேர் கொண்ட 16 பிரிவுகளாக நடத்தத்தான் முதலில் முடிவெடுத்திருந்தார்கள். மூன்று பேர் என்றால் கடைசி ஆட்டத்தின்போது ஓர் அணி சும்மா உட்கார்ந்திருக்கும், மற்ற இருவரும் பேசி வைத்துக்கொள்ள வழி திறக்கும். 2023 மார்ச்சில் அதைக் கைவிட்டு, நான்கு பேர் கொண்ட 12 பிரிவுகள் என்று மாற்றினார்கள். அதனால் மொத்த ஆட்டங்கள் 104 ஆகக் கூடியும் பரவாயில்லை என்றார்கள்.

ஒரே நேரத்தில் தொடங்குவது எல்லா நோய்க்கும் மருந்து என்று சொல்ல மாட்டேன். 2004 யூரோவில், அதாவது ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துக் கோப்பையில், இத்தாலி எங்களைப்போலவே இரண்டு சமன், ஒரு வெற்றி என்று 5 புள்ளியோடு தோற்காமல் வெளியேறியது. அன்று கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில்தான் நடந்தன. டென்மார்க்கும் ஸ்வீடனும் 2-2 என்று முடித்தன, அந்த விதிகளின்படி இருவருக்கும் மிகச் சரியாகப் பொருந்திய ஸ்கோர் அது. சந்தேகம் அப்போதும் எழுந்தது. ஆனாலும் அவர்கள் நாலு கோல் போட்டுத்தான் அங்கே போய்ச் சேர்ந்தார்கள், அதில் ஒன்று 89ஆவது நிமிடத்தில்.

உங்கள் பக்கத்துச் சிரமமும் எனக்குத் தெரியும். மைதானம் போதாது, நடுவர்கள் போதாது என்பீர்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 35 நிமிடம் கொண்ட இரண்டு பாதி, பத்து நிமிட இடைவேளை, கொஞ்சம் இடைவெளி, ஆக ஒரு ஆட்டத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஒதுக்குகிறீர்கள். எட்டு மைதானம். ஒரே நேரத்தில் எட்டு ஆட்டம், அதாவது நான்கு பிரிவுகளின் கடைசிச் சுற்று ஒரே வீச்சில் முடிந்துவிடும். ஆட்டங்களின் எண்ணிக்கை கூடவில்லை. ஆட்டத்துக்கு ஒரு நடுவர், இரண்டு உதவி நடுவர் என்பதும் கூடவில்லை. இருக்கிற கட்டங்களை இடம் மாற்றி வைப்பதோடு சரி.

அப்படியானால் ஏன் செய்வதில்லை? என் அனுபவத்தில் காரணம் ஒன்றுதான், அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒரே பயிற்சியாளர் இரண்டு மூன்று அணிகளைப் பார்க்கிறார். ‘என் ஆட்டங்கள் ஒன்றோடொன்று மோதக் கூடாது’ என்று ஒவ்வொரு கிளப்பும் விண்ணப்பம் போடுகிறது. நீங்களும் முகம் கோணாமல் அவற்றையெல்லாம் நிறைவேற்றுகிறீர்கள். அட்டவணை அப்படித்தான் சிதறுகிறது. எங்கள் பயிற்சியாளருக்கும் அன்று 11.30க்கு வேறொரு ஆட்டம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆகவே குற்றத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு.

நான் கேட்பது இதுதான். முதல் இரண்டு சுற்றுக்கு விண்ணப்பங்களை ஏற்றுக்கொள்ளுங்கள். மூன்றாம் சுற்றுக்கு மட்டும் ஏற்க வேண்டாம். ஒவ்வோர் அணியும் பாஸ் (பயிற்சியாளருக்கான அனுமதி அட்டை) வைத்திருக்கும் துணைப் பயிற்சியாளர் ஒருவரைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இடி மின்னலால் ஓர் ஆட்டம் நின்றால் அதே பிரிவின் மற்ற ஆட்டமும் சேர்ந்து நிற்கட்டும். இதை விதிப்புத்தகத்தில் ஒரு வரியாக எழுதினால் போதும்.

ஆட்டம் முடியும்வரை செயலியில் புள்ளிப்பட்டியலைக் காட்டாமல் இருந்தால் போதாதா என்று உங்களில் ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். நல்ல எண்ணம்தான். ஆனால் கோட்டோரத்தில் எங்கள் ஆட்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள், பட்டியல் இல்லாமலே மனக்கணக்கில் போட்டுவிடுவார்கள்.

2026-27 பருவத்திலிருந்து வயதுப் பிரிவுக்குப் பிறந்த ஆண்டைப் பார்ப்பதை விட்டு, ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரை என்று கணக்கிடப்போகிறார்கள். பாதி அணிகள் கலைந்து புதிதாகச் சேரும். அட்டவணையை நீங்கள் எப்படியும் அடியிலிருந்து போட்டாக வேண்டும். எக்செல் தாளோடு மல்லுக்கட்டுவதுதான் நான் பார்க்கும் வேலை. எட்டு மைதானத்துக்கான மாதிரி அட்டவணை ஒன்றை மின்னஞ்சலோடு இணைத்திருக்கிறேன். பிழை இருந்தால் சொல்லுங்கள், திருத்தித் தருகிறேன். வரைவு வெளியாகும் முன் ஒரு மாலை நேரம் கூப்பிட்டால் நேரில் வந்தும் விளக்குவேன்.

இப்படிக்கு,
மஞ்சள் சட்டை அணியின் டீம் மேனேஜர்