24-ஆம் வசனத்தோட நிப்பாட்டிட்டா எப்படி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதத்துல ஒரு அண்ணன் எழுதியிருந்தாக, கொலை கேஸ்ல புடிபட்டவனுக்கெல்லாம் கோர்ட்டு எதுக்கு, பைபிள்லயே கண்ணுக்குக் கண் பல்லுக்குப் பல்லுன்னு போட்டிருக்கு, அதுபடி முடிச்சுவிட வேண்டியதுதானன்னு. அவுக கோவம் புரியுது. ஆனா பைபிள இழுத்துட்டாக, அதான் நானும் பேனாவ எடுத்தேன். பெரிய படிப்பெல்லாம் இல்ல சார், எங்க ஊரு கோயில்ல ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, அதாவது வேதப் பாடம் எடுக்குறேன், அவ்வளவுதான்.

அந்த வசனம் விடுதலைப் பயணம் 21-ல 24, பழைய பைபிள் வச்சிருக்கவக யாத்திராகமம்னு தேடுங்க. எனக்கு அது பழி வாங்கச் சொல்ற மாதிரி படல, அளவு போட்ட மாதிரிதான் படுது. கூடப் பொறந்த தம்பியவே கொன்ன காயீன் வம்சத்துல இலாமேக்குன்னு ஒருத்தன் இருந்தான், தன்னைக் காயப்படுத்துனவன கொன்னுபோட்டு, எனக்காக எழுபத்தேழு மடங்கு பழின்னு பொண்டாட்டிக ரெண்டு பேர்ட்டயும் பெருமையடிப்பான், அந்த மாதிரி ஆளுககிட்ட ஒரு கண்ணுக்கு ஒரு கண்ணுதான், மேல போகாதன்னு கிழிச்ச கோடு அது. ரெண்டு வசனம் கீழ போனா, எஜமான் அடிச்சு அடிமைக்கு கண்ணு போயிருச்சுன்னா அந்த கண்ணுக்குப் பதிலா அவன விடுதலை பண்ணி அனுப்பிரணும்னு இருக்கு, ஒரு பல்லு போனாலும் அதேதான். இணைச்சட்டம் (பழைய பைபிள்ல உபாகமம்) 19-லயும் இந்த கண்ணுக்குக் கண் வருது, யாருக்குத் தெரியுமா, பொய்ச்சாட்சி சொல்லி மாட்டி விட்டவனுக்கு. ரெண்டு மூணு சாட்சி இல்லாம ஒருத்தன் உயிர எடுக்கக் கூடாதுன்னும் அதே புத்தகம் 17-ல இருக்கு. கோர்ட்டு எதுக்குன்னு கேட்ட அண்ணன் இதையும் கொஞ்சம் பாக்கணும்.

ஆனா நான் எழுத வந்தது வேற. 24-ஐ எல்லாரும் மனப்பாடமா சொல்றோம், ஒம்பது வசனம் தள்ளி 33, 34-ஐ யாரும் வாசிக்கிறதே இல்ல. ஒருத்தன் குழி வெட்டிட்டு மூடாம விட்டு, அதுல அடுத்தவன் மாடோ கழுதையோ விழுந்து செத்தா, குழிக்குச் சொந்தக்காரன் பணத்தக் கட்டிட்டு செத்தத அவனே எடுத்துக்கணும். அம்புட்டுதான் வசனம். தெரியாம நடந்துபோச்சு, ஃபைல் மேல போயிருக்கு, இந்த கதையெல்லாம் அதுல இல்ல.

எங்க ஊரு, ராமேஸ்வரம் போற வழில மண்டபம்ங்கிற ஊருக்கு இங்கிட்டு ஒரு சின்ன கடக்கர கிராமம். போன வருஷம் தண்ணித் தொட்டி கட்டப் போறோம்னு ஜேசிபிய விட்டு தெரு முக்குல ஆள் உயரத்துக்கு மேல குழிய பறிச்சுப் போட்டுட்டு போனாக, போனவக போனவகதான். ஐப்பசில மழை புடிச்சு குழி நெறஞ்சிருச்சு. எங்க மண்ணு பூரா மணலு, ஓரத்துல கால வச்சா பொசுக்குன்னு உள்ள இழுத்துரும். மொதல்ல ஒரு சினை ஆடு விழுந்து செத்துச்சு. ஆட்டுக்காரம்மா அழுதுக்கிட்டே ஆபீசுக்குப் போனா, கான்ட்ராக்டர்ட்ட கேளுன்னாக, கான்ட்ராக்டர்ட்ட கேட்டா பில்லே இன்னும் பாஸாகலைங்கிறாரு. பணமும் வரல, வசனத்துல சொன்னபடி செத்த ஆட்டையாவது வந்து எடுத்தாகளான்னா அதும் இல்ல, நாங்கதான் கொண்டுபோய் பொதைச்சோம்.

அடுத்து பத்து நாள் இருக்கும், கிரிக்கெட் பந்த எடுக்கப் போன பய ஒருத்தன் உள்ள போயிட்டான். ஏழு வயசு, என்கிட்ட மறைக்கல்வி படிக்கிறவன். திண்ணைல வலை பின்னிக்கிட்டிருந்த ஒரு மாமா கைலியோட குதிச்சு முடியப் புடிச்சு மேல தூக்குனாக. கவுத்துப் போட்டு முதுகுல தட்ட பச்சத் தண்ணியா வாந்தி எடுத்தான், அப்பயும் ஒரு கையில பந்த விடல. அன்னிக்கி சாயங்காலம்தான் நாங்களா சேந்து கருவேல முள்ள வெட்டிப் போட்டு, நாலு கம்பு ஊனி, கிழிஞ்ச வலைய சுத்திக் கட்டுனோம். ஆடு செத்த அன்னைக்கே செஞ்சிருக்கலாம்ல? செய்யல. எங்க மேலயும் தப்பு இருக்கு.

புது வீடு கட்டுனா மாடிக்கு கைப்பிடிச் சுவர் கட்டணும், இல்லன்னா யாராச்சும் விழுந்து செத்தா ரத்தப்பழி அந்த வீட்டு மேலன்னு இணைச்சட்டம் 22-ல இருக்கு. கத்தி எடுத்தவன் கை மட்டுந்தான் ரத்தக்கைன்னு நெனச்சுக்கிருக்கோம், இது சுவர் கட்டாதவனையும் சேத்துப் புடிக்குது. விடுதலைப் பயணம் 21-லயே, முட்டுற மாடுன்னு சொல்லியும் கட்டிப் போடாம விட்டு அது ஆளக் கொன்னா சொந்தக்காரனுக்கே மரண தண்டனைன்னு எழுதியிருக்கு, ராத்திரி ரோட்டுல படுத்துக் கெடக்குற மாட்டு மேல பைக்க விட்டு விழுந்தவகளக் கேட்டா அந்த வசனம் ஏன்னு சொல்லுவாக.

இன்னொண்ணு. காட்டுல ஒரு பொணம் கெடக்கு, கொன்னவன் யாருன்னு தெரியல, அப்ப பெரியவகளும் நீதிபதிகளும் வந்து சுத்தியிருக்க ஊருகளுக்கெல்லாம் தூரம் அளக்கணும், எந்த ஊரு கிட்டக்கவோ அந்த ஊரு பெரியவக நுகத்துல பூட்டாத கிடாரிய ஓடை இருக்க பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோய் கழுத்த முறிச்சு, அதுமேல கைய கழுவி, இந்த ரத்தத்த எங்க கை சிந்தல எங்க கண்ணு பாக்கலன்னு சொல்லி மன்னிப்பு கேக்கணும், இணைச்சட்டம் 21. எங்க கரைல பொணம் ஒதுங்குறது உண்டு. ஒருவாட்டி விடியக்காலைல நானே பாத்தேன், மத்தியானம் வரைக்கும் ஓலைப்பாய போட்டு மூடி ஆளுக வெயில்ல காவல் நின்னாக, அதுவரைக்கும் எந்த ஸ்டேஷன் லிமிட்டு, லோக்கல் போலீஸா மரைன் போலீஸான்னு போன்லயே பேச்சு. அங்க தூரம் அளந்தது பொறுப்ப ஏத்துக்க, இங்க அளக்குறது தள்ளிவிட. கைய கழுவுறதுல இயேசுவ சிலுவைல அறைய ஒப்புக்குடுத்த பிலாத்தும் ஒருத்தன்தான், ஆனா அவன் எல்லாத்தையும் கண்ணால பாத்துட்டு கழுவுனான்.

குத்தமில்லாத ரத்தம்னாலே எங்களுக்கு ஓரியூர்தான், 1693-ல வேதம் போதிக்க வந்த அருளானந்தர் சாமியார வெட்டுன எடம். நடந்துபோய் அந்த செம்மண்ண நெத்தில பூசிக்கிட்டு வர்றோம், திரும்பி வந்து தெரு முக்குல அந்த குழிய சுத்தித்தான் வீட்டுக்குப் போறோம்.

குழி இன்னும் மூடல சார். முள்ளு காஞ்சு, பாதிய யாரோ அடுப்பெரிக்க அள்ளிட்டுப் போயிட்டாக, வலை ஒரு பக்கம் தொங்குது. போட்டோ ஒண்ணு சேத்து அனுப்பியிருக்கேன். எடம் பத்தலன்னா கடிதத்த வெட்டிக்கங்க, போட்டோவ மட்டும் போட்டுருங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ராமநாதபுரம் மாவட்டக் கடலோரம்