பட்டி பூசும் முன்பே ஆய்வு தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை, பொள்ளாச்சி, உடுமலை, சத்தியமங்கலம் வட்டாரங்களில் வீட்டு வாசலிலும் தோட்டத்துச் சாளையிலும் பழைய ஜீப்புகளைப் பிரித்துச் சீர்செய்யும் இளைஞர்கள் இப்போது பெருகி வருகிறார்கள். தாத்தா காலத்தில் தேங்காயும் உரமும் ஏற்றி ஓய்ந்துபோன வண்டியை எடைக்குப் போடாமல் மீண்டும் ஓடவைக்க வேண்டும் என்னும் இந்த முனைப்பை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் இந்தப் பணியில் ஈடுபடுவோரும் அதை ஆய்வு செய்யும் போக்குவரத்துத் துறையும் வண்டியின் மேற்பூச்சையே பெரும்பாலும் பார்க்கிறார்கள், உயிரைக் காக்கும் பாகங்களோ இருவர் கண்ணிலும் படாமல் போகின்றன என்பதே என் கவலை. அதனைத் தங்கள் நாளிதழ் வழியாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

மஹிந்திரா நிறுவனம் 1947-ஆம் ஆண்டு வில்லிஸ் ஜீப்புகளை மும்பையில் பாகங்களாகத் தருவித்துப் பூட்டத் தொடங்கியது. பின்னர் இங்கேயே உருவான சி.ஜே. 3பி மாதிரி, உயரமான முன்மூடியாலேயே இன்றும் தொலைவிலிருந்து அடையாளம் தெரியும். உள்ளே இருந்த ஹரிக்கேன் என்ஜின் முந்தையதைவிட உயரமாக இருந்ததால்தான் மூடியும் உயர்ந்தது. பிறகு பியூஜோ டீசல் என்ஜினோடு எம்.எம். 540 வந்தது, 1985-இல் மாருதி ஜிப்ஸியும் சேர்ந்துகொண்டது. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆனைமலை அடிவாரத்துத் தென்னந்தோப்புகளுக்கும் இவை வெறும் ஆசைப்பொருள்களாக வரவில்லை. மழைக்காலத்தில் வேறு எதுவும் ஏறாத தடங்களில் ஆளையும் சுமையையும் கொண்டுசேர்த்தவை இவையே. எனவே இவற்றைக் காப்பாற்ற நினைப்பது நம் வட்டாரத்தின் உழைப்பு வரலாற்றைக் காப்பாற்றுவதாகும்.

அதற்கான கைத்திறனும் நம்மிடம் உண்டு. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே தம் முதல் பேருந்தை ஓட்டிய ஜி.டி. நாயுடு வாழ்ந்த மண் இது. கரூரில் பேருந்துகளுக்கும் நாமக்கல்லில் லாரிகளுக்கும் பாடி கட்டும் தொழில் தழைத்திருக்கிறது. பீளமேட்டிலும் கணபதியிலும் ஒரு தேய்ந்த பின்னைக் கொண்டுபோய்க் காட்டினால் அதே அளவில் லேத்தில் கடைந்து தருவோர் இருக்கிறார்கள். உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் பொறுமையாகத் தேடினால் கிடைக்காத பாகங்கள் குறைவு. ஜீப்பின் அமைப்பும் வீட்டில் வைத்துப் பிரிப்பதற்கு ஏற்றது. பாடியை அடிச்சட்டமாகிய சேஸிஸோடு போல்ட்டுகள் பிணைத்திருப்பதால், அவற்றைக் கழற்றி நான்கைந்து பேர் சேர்ந்து தூக்கினால் பாடி தனியே வந்துவிடும். பட்டை ஸ்பிரிங், ஆக்சில், கியர் பெட்டி எல்லாமே திருகுச் சாவியால் அணுகக்கூடியவை. கணினிக் கருவி கொண்டு பழுது தேட வேண்டிய மின்னணுப் பகுதி எதுவும் பழைய ஜீப்புகளில் இல்லை.

ஆனால் பாடியைத் தூக்கிய பிறகு வெளிப்படும் சேஸிஸில்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. பல ஆண்டுகளாகச் சேறும் ஈரமும் தங்கிய இரும்பு உள்ளிருந்தே துருப்பிடித்திருக்கும்; உரமூட்டை ஏற்றிய வண்டியாக இருந்தால் அந்த உப்பு அதை இன்னும் விரைவாக அரித்திருக்கும். பின்பக்க ஸ்பிரிங்கைத் தாங்கும் ஹேங்கர்கள், பாடி அமரும் தாங்கிகள், குறுக்குச் சட்டம் சேரும் மூலைகள் ஆகிய இடங்களைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தால் கெட்டியான இரும்பு கணீரென்று ஒலிக்கும், உளுத்த இரும்பு மந்தமாக ஒலித்து உள்வாங்கும். அங்கே துருவின் மேலேயே ஒரு தகட்டை வைத்து ஓரங்களை மட்டும் பற்றவைப்பது வழக்கமாகிவிட்டது. அந்த ஒட்டு பிடித்திருப்பது உளுத்த இரும்பைத்தான். நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டியெடுத்து, அதே கனமுள்ள தகட்டைப் பொருத்தி முழுமையாக வெல்டிங் செய்து, உள்ளேயும் துருத்தடுப்புப் பூசுவதே சரியான முறை. இதற்கு நேரமும் பணமும் ஆகும், முடித்த பின் வெளியே எதுவும் தெரியாது. அதனாலேயே பலர் இதைத் தவிர்த்து, குழிகளை நிரப்பி மறைக்கும் பட்டி பூசி, பெயின்ட் அடித்து, புகைப்படத்துக்கு வண்டியைத் தயார் செய்துவிடுகிறார்கள்.

பிரேக்கின் நிலை இன்னும் அஞ்சத்தக்கது. பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். பலவற்றில் பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று அமைப்பு. அதாவது ஒரு சக்கரத்தின் ரப்பர் குழாய் வெடித்தாலோ ஒரு வீல் சிலிண்டர் ஒழுகினாலோ நான்கு சக்கரங்களின் பிரேக்கும் ஒரே நேரத்தில் போய்விடும். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், திம்பம் மலைப்பாதையில் 27, கொல்லிமலையில் 70. இந்தச் சாலைகளில் இறங்கப்போகும் வண்டிக்கு முதல் செலவு பிரேக் குழாய்கள், சிலிண்டர்கள், ஸ்டீரிங் இணைப்புகள், முன்சக்கரங்கள் திரும்பும் அச்சிலுள்ள கிங்பின் பேரிங்குகள் ஆகியவற்றில்தான் விழ வேண்டும். கிங்பின் பேரிங் தேய்ந்த வண்டியில், ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியதும் முன்சக்கரங்கள் உதறத் தொடங்கி ஸ்டீரிங்கைப் பிடிக்க முடியாமல் போகும். இளைஞர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, விளக்குப் பட்டையும் அலாய் சக்கரமும் வாங்கும் பணத்தை முதலில் இவற்றுக்கு ஒதுக்குங்கள் என்பதே.

பெரிய டயர் போட்டு வண்டியை உயர்த்தும் வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 28 அங்குல விட்டமுள்ள டயரை எடுத்துவிட்டு 31 அங்குலம் போட்டால், வேகமானி 60 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி உண்மையில் 66 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அதே பிரேக் டிரம், அதே பிரேக் லைனிங் பெரிய சக்கரத்தை நிறுத்த முயல்வதால் சாலையில் கிடைக்கும் தடுப்பு விசை குறையும். ஸ்பிரிங்கைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீட்டி முன்பக்கத்தைத் தூக்கினால் ஆக்சிலின் சாய்வுக் கோணம் மாறி ஸ்டீரிங் நேர்கோட்டில் நிற்காது. ஆக்சிலுக்கு விசையைக் கொண்டுசெல்லும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கூடி, அதன் மூட்டான யூ ஜாயின்ட் விரைவில் தேயும். எல்லாவற்றுக்கும் மேலாக, குறுகிய அடியுடைய இந்த வண்டியின் எடைமையம் உயர்ந்து, வளைவில் கவிழும் ஆபத்து மிகுகிறது. சி.ஜே. 3பி-யின் முன்பின் ஆக்சில்களுக்கு இடையிலான நீளம் 80 அங்குலம் மட்டுமே என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சட்டமும் இதைத் தெளிவாகவே தடுக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும் வகையில் உரிமையாளர் வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கொன்றில் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. முன்பக்க இரும்புத் தடுப்புகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. வட மாநிலச் சந்தைகளில் புதிதாகக் கட்டிய ஜீப்பை வாங்கி, வேறொரு பழைய வண்டியின் ஆர்.சி. எனும் பதிவுச் சான்றை அதற்குப் பொருத்துவோர் மீது எனக்குத் துளியும் பரிவு இல்லை.

ஆயினும் நேர்மையாகச் சீர்செய்பவர் எங்கே நிற்கிறார் என்பதைத் துறை விளக்க வேண்டும். அதே 52-ஆவது பிரிவின் விளக்கம், வண்டியின் அடிப்படைத் தன்மையே மாறும்படி கட்டமைப்பில் செய்யும் மாற்றத்தைத்தான் குற்றத்துக்குரிய மாற்றமாகக் கொள்கிறது. அப்படியெனில் உளுத்த தரைத்தகட்டை வெட்டி அதே வடிவில் புதுத் தகடு போடுவது பழுதுபார்ப்பே ஆகும். ஒற்றைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரை நீக்கி இரட்டைச் சுற்று பொருத்துவதும், பெல்ட் இல்லாத இருக்கையில் சீட் பெல்ட் பூட்டுவதும் எந்த வகையில் சேரும்? இக்கேள்விக்கு அலுவலகத்துக்கு அலுவலகம் வேறு பதில் கிடைக்கிறது. பதில் உறுதியாகத் தெரியாதபோது, உரிமையாளர் பாதுகாப்பான மாற்றத்தைச் செய்யாமலே விட்டுவிடுகிறார் அல்லது செய்துவிட்டு மறைக்கிறார். இரண்டுமே சாலைக்கு நல்லதல்ல.

பதிவைப் புதுப்பிப்பதிலும் இதே குழப்பம் நீடிக்கிறது. 15 ஆண்டுகள் முடிந்ததும் படிவம் 25-இல் விண்ணப்பித்து, வண்டியைக் காட்டி, ஐந்தாண்டுகளுக்கு நீட்டிப்புப் பெற வேண்டும். இதற்கான மத்தியக் கட்டணம் 2022 ஏப்ரலில் கார்களுக்கு 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2025-இல் மேலும் உயர்த்தப்பட்டது. பழம்பெரும் வாகனங்களுக்கென 2021-இல் வந்த விதிகள், 50 ஆண்டுகள் கடந்து, சேஸிஸும் பாடியும் என்ஜினும் மாறாத வண்டிகளுக்கே பொருந்தும். அவற்றையும் அன்றாடப் பயணத்துக்கு ஓட்ட முடியாது. ஆகவே 1980-களில் வந்த தோட்டத்து ஜீப்பும், பெட்ரோல் என்ஜினை நீக்கி முறைப்படி டீசல் என்ஜின் பதிந்த மூத்த ஜீப்பும் இந்த ஏற்பாட்டுக்குள் வருவதில்லை.

வீட்டில் வேலை செய்வோர் கவனிக்க வேண்டியவையும் உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பியோ செங்கல் அடுக்கியோ வண்டிக்கடியில் படுக்கக் கூடாது. இரும்புத் தாங்கிகள் கட்டாயம் வேண்டும். பழைய ஜீப்புகளில் பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே இருப்பதால், அதைக் கழற்றி அப்புறப்படுத்தாமல் வெல்டிங் தொடங்குவது உயிருக்கு ஆபத்து. பழைய பிரேக் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம் என்பதால் டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கழிவு ஆயிலை வாய்க்காலிலும் கிணற்றோரத்திலும் ஊற்றுவது சட்டப்படி குற்றம் என்பதோடு, கழிவால் நொய்யல் ஆற்றுக்கு நேர்ந்ததைக் கண்ட நமக்கு அது கொஞ்சமும் தகாது. சீர்செய்த வண்டியைச் சோதிக்கிறேன் என்று ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களுக்குள் தடமில்லா இடத்தில் ஓட்டுவதையும் எந்தக் காரணம் சொல்லியும் ஏற்க இயலாது.

போக்குவரத்துத் துறையிடம் நான் முன்வைக்கும் கோரிக்கை இதுதான். பழைய வண்டியை முழுமையாகச் சீர்செய்ய விரும்புபவர் முன்கூட்டியே வட்டார போக்குவரத்து அலுவலகத்தில் பதிவுசெய்து, பாடியைத் தூக்கிய நிலையில், பட்டியோ பெயின்ட்டோ ஏறும் முன்பே, சேஸிஸையும் பிரேக்கையும் ஸ்டீரிங்கையும் மோட்டார் வாகன ஆய்வாளர் நேரில் பார்த்துச் சான்றளிக்க வழி செய்ய வேண்டும். சேஸிஸில் பொறித்த எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தையும் அப்போதே ஒப்பிட்டுவிட்டால் திருட்டு வண்டியும் போலிப் பதிவும் அங்கேயே அகப்பட்டுவிடும். இதற்கு உரிய கட்டணம் செலுத்த என்னைப் போன்றோர் தயங்க மாட்டோம். ஆய்வாளர்களுக்கு நேரம் போதவில்லையெனில், அரசு பொறியியல் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் இருக்கும் மோட்டார் வாகனத் துறை ஆசிரியர்களை இந்த முதற்கட்ட ஆய்வுக்குப் பயன்படுத்தலாம். அதனுடன், அனுமதி தேவைப்படாத பழுதுபார்ப்பு எது, முன் அனுமதியோடு செய்யத்தக்கது எது, எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாதது எது என்பதைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வோர் அலுவலக வாயிலிலும் ஒட்ட வேண்டும். கோவை மண்டலத்தில் இதை முதலில் நடைமுறைப்படுத்திப் பார்க்குமாறு போக்குவரத்து ஆணையர் அவர்களைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பழைய ஜீப் ஒன்றின் உரிமையாளர்,
ஆனைமலை, பொள்ளாச்சி வழி.